லேப்டாப்பின் முழு விலையை எழுதிக் கொடுங்கள்: வட சென்னைக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, பெரம்பூர், வியாசர்பாடி, கொடுங்கையூர், திருவொற்றியூர் பகுதிகளில் லேப்டாப்பும் கணினியும் தவணைக்குக் கொடுக்கும் கடை உரிமையாளர்களுக்கு,

வணக்கம்.

இந்தப் பகுதியில் கணினி பழுது பார்ப்பவர்களும் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுபவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். 'வாடகைக்கு எடுங்கள், கடைசியில் உங்களுக்கே சொந்தம்' என்ற திட்டத்தில் லேப்டாப் கொடுப்பவர்களிடம் எங்கள் முதல் கோரிக்கை இது: வாங்குபவர் கையெழுத்துப் போடும் முன்பு, அந்தப் பொருளின் ரொக்க விலையையும், கடைசி ரூபாய் வரை அவர் கட்டப்போகும் மொத்தத் தொகையையும் ஒரே தாளில், பக்கத்தில் பக்கத்தில், தமிழில் எழுதிக் கொடுங்கள்.

நம் பக்கத்து மக்களுக்குக் கணக்கு தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். தண்டலுக்குப் பத்தாயிரம் எடுத்தால் ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு மீதி கையில் வரும், நாளைக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும் என்பது காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவுக்கு மனப்பாடம். அந்த வட்டி கொடியது. ஆண்டுக் கணக்கில் நூறு சதவீதத்தைத் தாண்டும். ஆனாலும் கைக்கு வந்தது எவ்வளவு, கட்டப்போவது எவ்வளவு என்ற இரண்டு எண்களும் முதல் நாளே அவருக்குத் தெரிகின்றன. வாடகைத் திட்டத்தில் அந்த இரண்டுமே கண்ணில் படுவதில்லை. மாத வாடகை மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது. 'வரி தனி' என்பது அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரொக்கம் கொடுத்தால் ரூ.36,000க்குக் கிடைக்கும் லேப்டாப். 18 சதவீத ஜி.எஸ்.டி. இந்த விலைக்குள்ளேயே அடங்கிவிட்டது. இதற்கு மாத வாடகை ரூ.1,900 வீதம் 24 மாதம் என்று வைத்துக்கொள்வோம். வாடகைக்கு ஜி.எஸ்.டி. ரூ.342, ஆக மாதம் ரூ.2,242, 24 மாதத்துக்கு ரூ.53,808. கடைசியில் பொருளைப் பெயர் மாற்றிக் கொடுக்க ரூ.3,000, வரியோடு ரூ.3,540. தொடக்கத்தில் டாக்குமென்ட் சார்ஜ் ரூ.500, வரியோடு ரூ.590. கூட்டினால் ரூ.57,938 வருகிறது. ரொக்க விலையைவிட ரூ.21,938 அதிகம்.

கடையில் இதைக் கேட்டால், இரண்டு வருடத்துக்கு 21,938 என்றால் வருடத்துக்கு முப்பது சதவீதம்தானே என்று பதில் வரும். அந்தக் கணக்கு தவறு. முதல் மாதம் கட்டிய உடனேயே பாக்கி குறைகிறது, பத்தாவது மாதம் இன்னும் குறைகிறது. ஆனால் வட்டியை மட்டும் கடைசி வரை முழு 36,000க்கும் போட்டிருக்கிறார்கள். குறைந்துவரும் பாக்கிக்குக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி சுமார் 48 சதவீதம். பொருளைக் கொடுக்கும் அன்றே முதல் மாத வாடகையை வாங்கிக்கொண்டால் 53 சதவீதம். அதற்கு மேல் டெபாசிட் ஒன்றை வாங்கி 24 மாதம் வட்டியில்லாமல் வைத்திருந்தால் இன்னும் ஏறும். எக்செலில் 'ரேட்' என்ற சூத்திரத்தைப் போட்டு யாரும் சரிபார்க்கலாம்: மாதங்கள் 24, மாதாமாதம் கட்டுவது மைனஸ் 2242, கைக்கு வந்த மதிப்பு 35410 (36,000இல் டாக்குமென்ட் சார்ஜைக் கழித்தது), கடைசித் தொகை மைனஸ் 3540. வரும் விடை மாத வட்டி; அதை 12ஆல் பெருக்கினால் ஆண்டு வட்டி.

இதில் வரி செய்யும் வேலையும் சிறியதல்ல. கடன் வாங்கிப் பொருள் வாங்கினால் ஜி.எஸ்.டி. பொருளின் விலைக்கு மட்டும்தான்; கடனுக்குக் கட்டும் வட்டிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது (கிரெடிட் கார்டு வட்டி விதிவிலக்கு). வாடகை என்று பெயர் வைத்தால், உள்ளே ஒளிந்திருக்கும் வட்டிக்கும் 18 சதவீதம் சேர்ந்துகொள்கிறது. மேலே உள்ள கணக்கில் ரொக்க விலைக்குள் அடங்கிய வரி சுமார் ரூ.5,490, வாடகை வழியில் மொத்த வரி ரூ.8,838. ஜி.எஸ்.டி. பதிவுள்ள ஒரு நிறுவனம் வாடகைக்கு எடுத்தால் இந்த வரியை உள்ளீட்டு வரியாக, அதாவது தான் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யிலிருந்து, கழித்துக்கொள்ளலாம். மூன்று மாத வேலைக்குப் பத்து லேப்டாப் தேவைப்படும் அலுவலகத்துக்கு வாடகை நல்ல வழிதான், அதை நாங்கள் மறுக்கவில்லை. கல்லூரிப் பிள்ளைக்கு வாங்கும் குடும்பத்தால் எந்த வரியையும் கழிக்க முடியாது.

கடன் என்றால் ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. வங்கியோ பைனான்ஸ் நிறுவனமோ 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கும் ஒவ்வொரு புதிய தனிநபர் கடனுக்கும் 'முக்கிய விவர அறிக்கை' தர வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு விகிதம், தவணை அட்டவணை, தாமதக் கட்டணம், புகார் சொல்ல வேண்டிய இடம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வாங்குபவருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும். அதில் எழுதாத கட்டணத்தை அவருடைய வெளிப்படையான சம்மதமின்றி வசூலிக்கக் கூடாது. ஏழு நாள் அல்லது அதற்கு மேற்பட்ட கடன் என்றால், படித்துப் பார்த்து முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. தாமதத்துக்குக் கட்டணம் போடலாமே தவிர, அதை அசலில் சேர்த்து வட்டிக்கு வட்டி போடக் கூடாது. அதே பொருளை, அதே பணத்துக்கு, 'வாடகை' என்று தலைப்பிட்ட தாளில் கொடுத்தால் இது கடனே அல்ல என்று சொல்லி இந்த விதிகளையெல்லாம் ஒதுக்கிவிட முடிகிறது. எங்களுடைய முதன்மையான கவலை இதுதான்.

இந்தத் தவணை வாடகை முறைக்கென்றே நாடாளுமன்றம் 1972இல் ஒரு சட்டம் இயற்றியது. ரொக்க விலை, வாடகைக் கொள்முதல் விலை (தவணையில் கட்டி முடிக்கும் மொத்தத் தொகை) இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இடையில் மொத்தமாகக் கட்டி முடிப்பவருக்குத் தள்ளுபடி தர வேண்டும். குறிப்பிட்ட பங்கைக் கட்டிய பிறகு பொருளை நீதிமன்றம் வழியாக அன்றிப் பறிக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. நடைமுறைக்கு வராமலேயே அந்தச் சட்டம் 2005இல் நீக்கப்பட்டது. அது கேட்ட அந்த மூன்றையும், சட்டத்தின் கட்டாயம் இல்லாவிட்டாலும், நீங்களாகவே முன்வந்து செய்யுங்கள் என்று கேட்கிறோம்.

'வட்டியே இல்லாத இ.எம்.ஐ.' பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாடகைத் திட்டத்துக்குப் பயந்தவர்கள் அடுத்து அங்கேதான் போகிறார்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. ரூ.40,000 லேப்டாப்பை ரொக்கத்துக்கு ரூ.38,000க்குக் கொடுக்கிறீர்கள். இ.எம்.ஐ. என்றால் தள்ளுபடி இல்லை. எட்டுத் தவணை, ரூ.5,000 வீதம், முதல் இரண்டை இப்போதே கட்ட வேண்டும், பிராசசிங் ஃபீஸ் வரியோடு ரூ.800 என்று வைத்துக்கொள்வோம். ரொக்க விலை ரூ.38,000இல் முன்பணம் பத்தாயிரத்தையும் கட்டணத்தையும் கழித்தால் உண்மையில் கிடைத்த கடன் ரூ.27,200, ஆறு மாதத்தில் திருப்பிக் கட்டுவது ரூ.30,000. ஆண்டு வட்டி 34 சதவீதம். கம்பெனி தன் பையிலிருந்து வட்டியைக் கட்டி, ரொக்கம் கொடுப்பவருக்கும் அதே விலையே போட்டால் மட்டும்தான் உண்மையிலேயே மலிவு. ஆகவே பில் போடும் முன் 'ரொக்கம் என்றால் எவ்வளவு' என்று யார் கேட்டாலும் நேரான பதில் சொல்லுங்கள். கேட்காமலே நீட்டிப்பு வாரண்டியையும் ஆன்டிவைரஸையும் காப்பீட்டையும் தவணைக்குள் சேர்ப்பதை நிறுத்துங்கள். நீட்டிப்பு வாரண்டி முதல் ஆண்டு முடிந்த பிறகுதான் தொடங்கும் என்பதையும் சொல்லுங்கள்.

இனி பொருளுக்கு வருவோம். வாடகைக்கு வருபவற்றில் இரண்டு வகை அதிகம் சிக்கல் தருகிறது. ஒன்று, புதிய ஆனால் மிகத் தாழ்ந்த இயந்திரம்: செலரான் ப்ராசசர், 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இஎம்எம்சி (எஸ்.எஸ்.டி.யைவிட மெதுவான வகை) சேமிப்பு. விண்டோஸ் 11க்குக் கேட்கப்படும் குறைந்த அளவே இந்த 4ம் 64ம்தான். சில மாதப் புதுப்பிப்பிலேயே இடம் நிரம்பி, அடுத்த புதுப்பிப்பு இறங்க இடமில்லாமல் நின்றுவிடும். இந்த வகையில் ரேமும் சேமிப்பும் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட வழியில்லை. கூட்ட வழியிருந்தாலும் வாடகைப் பொருளின் அடிமூடியைத் திறக்க ஒப்பந்தம் விடாது. 24 மாதம் கட்ட வேண்டிய பொருள் எட்டாவது மாதமே வேலைக்கு ஆகாது என்றால் மீதிப் பதினாறு மாதமும் வீண் பணம்.

இரண்டாவது, பெரிய அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்து, சுத்தம் செய்து வரும் ரீஃபர்பிஷ்டு லேப்டாப். இவற்றில் நல்லவை நிறைய உண்டு. பல நேரம் அதே விலைப் புதிய செலரானைவிட இவையே மேல். ஆனால் பார்த்துக் கொடுக்க வேண்டும். ப்ராசசர் பெயரில் கோட்டுக்குப் பின்னால் வரும் எண் தலைமுறையைச் சொல்லும்: ஐ5-7200யு ஏழாம் தலைமுறை, ஐ5-8250யு எட்டாம் தலைமுறை, ஐ5-10210யு பத்தாம் தலைமுறை. இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14ஓடு நின்றுவிட்டன. ஆறாம், ஏழாம் தலைமுறை இயந்திரத்தை இன்று இரண்டு வருட ஒப்பந்தத்தில் கொடுப்பது நியாயமில்லை என்பது எங்கள் திடமான கருத்து. லினக்ஸ் போட்டுப் பயன்படுத்தத் தெரிந்தவருக்கு ரொக்கத்துக்கு, குறைந்த விலைக்குக் கொடுங்கள்.

பேட்டரியைச் சோதிக்கக் கட்டளைச் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு (/) போட்டு பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து அடித்தால் ஓர் அறிக்கை வரும். அதில் 'டிசைன் கெப்பாசிட்டி' ஆலையில் இருந்த அளவு. 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' இன்றைய அளவு. இரண்டாவது முதலாவதில் பாதிக்குக் கீழே இருந்தால் புது பேட்டரி போட்டுக் கொடுங்கள், அல்லது விலையைக் குறையுங்கள். எஸ்.எஸ்.டி.யின் ஆரோக்கியத்தை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் வாங்குபவர் கண் எதிரே காட்டுங்கள்.

அலுவலகத்திலிருந்து வரும் லேப்டாப்பில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கும். அந்த இயந்திரத்தின் வன்பொருள் அடையாளம் பழைய நிறுவனத்தின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இன்னும் பதிவில் இருக்கலாம். கடையில் நன்றாக ஓடும். ஆறு மாதம் கழித்துப் பிள்ளை ஏதோ கோளாறுக்காக ரீசெட் செய்து வைஃபையில் இணைத்ததும் யாரோ ஒரு நிறுவனத்தின் பெயரோடு உள்நுழைவுத் திரை வந்து நிற்கும். எஸ்.எஸ்.டி.யை மாற்றினாலும் போகாது, ஏனென்றால் பதிவு மதர்போர்டின் அடையாளத்தில் இருக்கிறது. அதை நீக்க வேண்டியது பழைய நிறுவனம். ஆப்பிள் இயந்திரங்களிலும் இதே வகைப் பூட்டு உண்டு. கொடுக்கும் முன் ஒரு முறை முழு ரீசெட் செய்து, இணையத்தில் இணைத்து, பூட்டுத் திரை வரவில்லை என்று பார்த்துவிட்டால் இந்தத் தகராறே எழாது. பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில்) பாஸ்வேர்டு இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஒப்பந்தத்தில் லேப்டாப்பின் வரிசை எண்ணோடு ரேம் அளவு, எஸ்.எஸ்.டி. அளவும் வரிசை எண்ணும், சார்ஜரின் வாட் அளவு எல்லாம் இருக்கட்டும். இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்கும் நாளில் '8 ஜி.பி. கொடுத்தோம், 4 இருக்கிறது' என்று தொடங்கும் சண்டைக்கு இரண்டு பக்கமும் ஆதாரம் இருக்காது.

தவணை தவறினால் என்ன ஆகும் என்பதில்தான் குடும்பங்கள் உடைகின்றன. வாடகை ஒப்பந்தத்தில் கடைசி ரூபாய் கட்டும் வரை பொருள் உங்களுடையது. இருபத்திரண்டு மாதம் கட்டியவர் இருபத்து மூன்றில் தவறினாலும் பொருளை எடுத்துக்கொள்ளலாம்; கட்டிய ரூ.49,000க்கு மேல் எல்லாம் 'பயன்படுத்தியதற்கான வாடகை' என்று போய்விடும். சில தாள்களில் மீதி மாத வாடகையையும் கட்ட வேண்டும் என்றும் இருக்கிறது. பொருளையும் எடுத்து மீதியையும் கேட்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? தூரத்திலிருந்தே பூட்டும் மென்பொருள் போட்டுக் கொடுப்பவர்கள், அதை ஒப்பந்தத்தில் தமிழில் சொல்லுங்கள். பூட்டும் முன் ஏழு நாள் அறிவிப்புக் கொடுங்கள். உள்ளே இருக்கும் பிராஜெக்ட் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ள வழி விடுங்கள். கோப்புகள் பிள்ளையுடையவை, உங்களுடையவை அல்ல.

வாங்குபவர்களுக்கும் ஒன்று: வாடகையில் இருக்கும் லேப்டாப்பை அவசரத்துக்கு அடகு வைப்பதோ விற்பதோ நம்பிக்கை மோசடிக் குற்றமாகும். வீட்டில் இருப்பதால் நம் பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. கடைக்காரர்களே, பொருளைக் கொடுக்கும்போதே இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க அனுமதிக்கும் ஆட்டோ டெபிட் தாளில் மாதத் தொகையை மட்டும் பார்த்தால் போதாது. அதிகபட்சமாக எவ்வளவு எடுக்கலாம், எந்தத் தேதி வரை எடுக்கலாம் என்ற இரண்டு கட்டங்கள் உண்டு. மாதம் 2,242 கட்ட வேண்டியவரின் தாளில் உச்சவரம்பு அதைப் பல மடங்கு தாண்டக் கூடாது. கடைசித் தவணைக்குப் பிறகும் அனுமதி நீளக் கூடாது. டெபிட் தேதியையும் வாங்குபவரிடம் கேட்டு வையுங்கள். பத்தாம் தேதி சம்பளம் வருபவருக்கு ஐந்தாம் தேதி டெபிட் வைத்தால் மாதாமாதம் பவுன்ஸ்தான். வங்கி ஒரு கட்டணம் எடுக்கும், நீங்கள் ஒரு கட்டணம் போடுவீர்கள். கணக்கில் பணமில்லாமல் மின்னணு டெபிட் திரும்புவதும் காசோலை திரும்புவதைப் போலவே வழக்குக்கு உரியது; இரண்டு ஆண்டு வரை சிறைக்கு இடம் உண்டு (2007ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 25). எழுதாத காசோலையில் கையெழுத்து வாங்கி வைப்பதை விட்டுவிடுங்கள்.

பழுது யார் பொறுப்பு? வாரண்டி பெரும்பாலும் ஒரு வருடம், ஒப்பந்தம் இரண்டு வருடம். இரண்டாவது வருடம் கீல் உடைந்தாலும், விசைப்பலகை செத்தாலும், வாடகை ஓடிக்கொண்டே இருக்கிறது. எண்ணூரிலும் காசிமேட்டிலும் உப்புக் காற்று இணைப்பு முனைகளை அரித்துவிடும். அதை 'பயனாளர் சேதம்' என்று தள்ளிவிடுகிறார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வட சென்னைத் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். நீர் புகுந்த பொருளுக்கு வாரண்டி கிடையாது. வாடகை ஒப்பந்தத்திலோ 'முழு நஷ்டம் என்றால் மீதி வாடகை முழுவதும்' என்று ஒரு வரி இருக்கும். பொருளின் உரிமையாளர் நீங்கள் என்றால் வெள்ளத்துக்கான காப்பீட்டையும் நீங்களே எடுங்கள்.

கல்லூரிப் பிள்ளைக்கு என்று யாராவது வந்தால் முதலில் எந்தக் கல்லூரி என்று கேளுங்கள். 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. அந்தப் பிள்ளைக்கு உண்டா என்று கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வரச் சொல்லுங்கள். கல்விக் கடன் வாங்குபவர்களுக்குப் படிப்புக்குத் தேவைப்படும் கணினியின் விலையையும் வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் அனுமதிக்கிறது. பலர் விண்ணப்பத்தில் அதை எழுதவே மறந்துவிடுகிறார்கள். உங்கள் கொட்டேஷன் ஒன்றைக் கொடுத்து அனுப்பினால் வியாபாரமும் உங்களுக்கே வரும். மகளிர் குழுக் கடனும் வங்கி நகைக் கடனும் 48 சதவீதத்துக்கு வெகு கீழே. எதுவும் இல்லாவிட்டால், எட்டாம் தலைமுறை ரீஃபர்பிஷ்டு ஒன்றை ஆறு மாதச் சீட்டுப் போலக் கட்டி முடித்து எடுத்துக்கொள்ளும் வழியைக் கடையிலேயே வையுங்கள்.

இதையெல்லாம் செய்யாத இடத்தில் வாங்கிச் சிக்கியவர்களுக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பழுதான பொருள், மறைத்த கட்டணம் என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ஒப்பந்தமே நியாயமற்றது என்று வாதாடுவதானால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். மாவட்ட ஆணையத்தில் அதைப் போட்டு நாளை வீணாக்க வேண்டாம். அளவுக்கு மீறிய டெபாசிட்டும், தவறுக்குப் பொருந்தாத அபராதமும், முன்கூட்டியே கட்டி முடிக்க மறுப்பதும் அந்தச் சட்டம் சொல்லும் நியாயமற்ற ஒப்பந்தத்தின் அடையாளங்கள். வங்கி அல்லது பைனான்ஸ் கடன் என்றால் முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுதி, முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. அவர்களின் வசூல் ஆட்கள் காலை 8க்கு முன்பும் இரவு 7க்குப் பின்பும் அழைக்கக் கூடாது.

கடைக்காரர்களே, நாங்கள் கேட்கும் தாளில் ஏழு வரி போதும்: ரொக்க விலை, எல்லாக் கட்டணமும் வரியும் சேர்த்த மொத்தம், மாதங்கள், ஆண்டு விகிதம், பாதியில் மொத்தமாகக் கட்டி முடித்தால் எவ்வளவு, பாதியில் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு, பழுது யார் செலவு. ஆண்டு விகிதம் போடுவதில் சந்தேகம் இருந்தால் உங்கள் கடைக் கணினியிலேயே உட்கார்ந்து சூத்திரத்தைப் போட்டுக் கொடுக்க நாங்கள் தயார்.

இப்படிக்கு,
வட சென்னையில் கணினி பழுது பார்ப்போரும் கணக்கு எழுதுவோரும்